தோணிபுரத்துக் கொலு

சாதாரணமாக ஒரு மனிதருக்கு ஒரு பெயர் போதும். கொஞ்சம் பெரிய மனிதராயிருந்தால் வீட்டில் கூப்பிட ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று, சிநேகிதர்கள் வைத்தது ஒன்று என்று மூன்று பெயர் இருக்கலாம். ஒரே ஊருக்குப் பன்னிரண்டு பெயர்கள் என்றால் அந்த ஊர் எவ்வளவு பெரிய மனிதராயிருக்க வேண்டும்! பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என்று பன்னிரண்டு திருநாமங்கள் படைத்தது நம் சீர்காழி. இவ்வளவையும் ஞாபகம் வைத்துக் கொள்ளத் தபால் இலாகாவினால் ஆகாது என்றுதானோ என்னவோ, காழிக்கு முன்னால் ‘சீர்’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்து, அத்துடன் உலகம் திருப்தியடைந்து விட்டது.

இந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணக் கதை உண்டு. அவற்றில் தோணிபுரம் என்ற பெயருக்குரிய கதையை மட்டும் நேயர்களுக்கு இங்கே ஞாபகப்படுத்துகிறேன். ஊழிக் காலத்தில் பெருவெள்ளம் பொங்கி உலகமெல்லாம் முழுகியபோது, பரமசிவன் அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்துக் கொண்டு, பிரணவத்தையே தோணியாக்கி, உமாதேவியுடன் அதில் ஏறி வந்தாராம். அந்தத் தோணி வந்து தங்கிய இடம் இதுதானாம்.

வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது நாமாயிருந்தால் எதை முதலில் எடுத்துக் கொண்டு ஓடுவோம்? நகைப் பெட்டி, வீட்டுப் பத்திரம், பாங்குப் புஸ்தகம், ரேஷன் கார்டு. இறைவன் எடுத்துக் கொண்டு வந்தது கலைகளை. இந்தக் கதையைக் கட்டியவர் யாராயிருந்தாலும், மூழ்கிப் போன பிறகு மறுபடி சம்பாதிக்கக் கூடியது எது, கூடாதது எது என்று நன்றாய் யோசித்துப் பார்த்தவராகவே இருக்க வேண்டும்.

சீர்காழி, சிதம்பரத்துக்கும் மாயவரத்துக்கும் இடையில், இரண்டுக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மாயவரம் இப்போது மயிலாடுதுறை. 2020-ஆம் வருஷத்திலிருந்து அதன் பெயரால் தனி ஜில்லாவும் ஏற்பட்டுச் சீர்காழி அதில் சேர்ந்திருக்கிறது. சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்தால் முதலில் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். பிறகு கண்ணுக்கெட்டிய வரையில் வயல்கள், வாய்க்கால்கள், மதகுகள், மறுபடியும் வயல்கள். காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பிரதேசம் இது. மேற்கே மிஞ்சிய தண்ணீரெல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஊரை ஒட்டி ஓடும் கழுமலையாறு, கழுமலம் என்ற பழைய பெயரை இன்னமும் விடாமல் சுமந்து கொண்டிருக்கிறது.

2023-ஆம் வருஷத்து நவராத்திரியின் நாலாம் நாள் நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தோம். அதே வருஷம் மே மாதத்தில் ஆலயத்தில் கும்பாபிஷேகம் நடந்திருந்தபடியால் கோபுரங்கள் புது வர்ணத்துடன் விளங்கின. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்திலுள்ள இந்தக் கோயிலில் இறைவன் மூன்று நிலைகளில் எழுந்தருளியிருக்கிறார். கீழே பிரமபுரீசுவரர் லிங்க வடிவில் இருக்கிறார். படியேறிப் போனால் தோணியப்பரும் பெரியநாயகியும் வீற்றிருக்கிறார்கள். அதற்கும் மேலே சட்டைநாதர். தோணியப்பரும் அம்மையும் சுதையால் ஆன பெரிய உருவங்கள். பிரளயத்தைத் தாண்டி வந்த தெய்வத்தைத் தண்ணீருக்குப் பயப்படும் சுண்ணாம்புச் சுதையில் சமைத்து வைத்த சிற்பியின் துணிச்சலை நினைத்து நான் சற்று நேரம் அங்கேயே நின்று விட்டேன்.

திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் இது. ஏழாம் நூற்றாண்டில், இந்தக் கோயில் குளக்கரையில், மூன்று வயதுக் குழந்தை பசித்து அழுதது, அம்மை ஞானப்பால் ஊட்டினாள், குளித்து எழுந்து வந்த தகப்பனார் கையில் குச்சியை எடுத்து, “யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?” என்று அதட்டினார், குழந்தை விரலை உயர்த்திக் காட்டிப் பாடத் தொடங்கியது. சித்திரை மாதத்தில் நடக்கும் திருமுலைப்பால் உற்சவத்தைக் காண வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். சம்பந்தர் விக்கிரகத்தைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு கையில் கிண்ணம், மற்றொரு கையில் உயர்த்திய சுட்டு விரல். அந்த விரல் காட்டும் இடத்தில் சிற்பி எதையும் வைக்கவில்லை. அதைப் பார்க்க வேண்டியது நம்முடைய பொறுப்பு. குறியீடு என்பது இதுதான். செய்கிறவன் விரலை நீட்டுகிறான். மீதி வேலை பார்க்கிறவனுக்கு.

கோயிலைப் பார்த்தாயிற்று, இனி ஊரில் கொலுப் பார்க்க வேண்டும் என்றாள் என் மனைவி. சுண்டலில் அவளுக்கு இருக்கும் சிரத்தை பொம்மைகளில் கிடையாது என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். ஆனாலும் அன்றைக்கு அவள் அழைத்துப் போன வீடு ஒன்றுக்காக அவளுடைய சுண்டல் ஆசையையெல்லாம் மன்னித்து விடலாம்.

அது, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருடைய வீடு. தெருவில் எல்லோரும் அவரை “டீச்சரம்மா” என்றே அழைக்கிறார்கள். கூடத்தில் ஏழு படிகள். வழக்கமான பொம்மைகள் அதிகம் இல்லை. இருந்தவையும் புதிதாக வாங்கியவை என்று பளபளப்பிலேயே தெரிந்தது. ஆனால் படிகளுக்குக் கீழே, தரையில், ஒரு முழ நீளத்துக்கு மேல் இருக்கும் ஒரு தோணி நின்றது. வந்தவர்கள் எல்லோரும் படிகளை விட்டுவிட்டு அதைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தோணியின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்திய வருஷத்துக்குப் போக வேண்டும். 2022 நவம்பர் 11-ஆம் தேதி இரவு சீர்காழியில் பெய்த மழையை அந்தப் பக்கத்தார் இலேசில் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் அளந்து பார்த்தபோது ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் அப்படிப்பட்ட மழையைக் கண்டதில்லை என்று சொன்னார்கள். நட்டுத் தூர் கட்டிக் கொண்டிருந்த சம்பாப் பயிர் முழுகியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சீர்காழி, தரங்கம்பாடி இரண்டு தாலுகாக்களிலும் குடும்ப அட்டை ஒன்றுக்கு 1,000 ரூபாய் சர்க்கார் நிவாரணமாகக் கொடுத்தது. டீச்சரம்மா வீட்டில் முழங்காலளவு தண்ணீர்.

“பொம்மைப் பெட்டி எங்கள் அம்மா காலத்திலிருந்து பரணில்தான் இருந்தது. எனக்கு மூட்டுவலி. ஏறி இறக்க முடியவில்லை என்று அந்த வருஷம் நவராத்திரி முடிந்ததும் காமிரா அறையில் கீழேயே வைத்து விட்டேன். ஒரு மாதத்துக்கெல்லாம் வெள்ளம் வந்துவிட்டது” என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால், மண் பொம்மைகளுக்கு வர்ணம் உதிர்ந்து, கை கால் போயிருந்தன. காகிதக் கூழால் செய்த பொம்மைகள் மறுபடியும் கூழாகி விட்டிருந்தன. தசாவதார வரிசையில் முழுசாகப் பிழைத்தவர்கள் மத்ஸ்யமும் கூர்மமும்தான். “அவர்கள் இருவருக்கும் தண்ணீர் பழக்கம் அல்லவா?” என்று டீச்சரம்மா சிரித்துக் கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் விட அவருக்கு வருத்தம் தந்தது, சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த கிருஷ்ணன் படம். அது அவருடைய தாயார் கல்யாணச் சீராகக் கொண்டு வந்த தஞ்சாவூர்ப் படம்.

தஞ்சாவூர்ப் படம் என்று நாம் சொல்வதைப் பழைய காலத்தவர்கள் பலகைப் படம் என்பார்கள். பெயருக்கு ஏற்றாற்போல் அது வெறும் வர்ணச் சித்திரம் அல்ல. தச்சு வேலையும், பூச்சு வேலையும், கல் பதிக்கும் வேலையும் அதில் சேர்ந்திருக்கின்றன. பலா மரப் பலகையின்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். நகை, மண்டபம், திரைச்சீலை முதலியவை புடைத்து நிற்கும்படி ‘மக்கு’ என்னும் சாந்தினால் மேடு கட்டுவார்கள். அதில் கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியாக வர்ணம் தீட்டுவார்கள். 1676 முதல் 1855 வரையில் தஞ்சையில் இருந்த மராட்டிய அரசர்கள் காலத்தில், விசேஷமாக இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832), இந்தக் கலை மிகவும் செழித்தது. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அரசரின் ஆதரவும் சர்க்காரின் முத்திரையும் சுண்ணாம்புப் பூச்சைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுமா? துணி பலகையை விட்டுக் கழன்றது. மக்கு கரைந்தது. கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வெண்ணெய்க் கிருஷ்ணன் வெள்ளத்தோடு போய்விட்டான்.

மிஞ்சியவற்றையெல்லாம் கூடையில் அள்ளி வைத்தவர், குப்பையில் கொட்ட மனமில்லாமல் பல மாதம் அப்படியே வைத்திருந்தார். 2023 ஏப்ரலில், கும்பாபிஷேகத்துக்காக யாகசாலை அமைக்கக் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் விக்கிரகங்களும், தேவாரப் பாடல்கள் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளிப்பட்டன. ஊரே திரண்டு பேசிய சமாசாரம் அது. “யாரோ ஒரு மகானுபாவர் என்றைக்கோ மண்ணுக்குள் பத்திரப்படுத்தியது இன்றைக்கு நமக்குக் கிடைக்கிறது. நான் என் அம்மாவின் பொம்மைகளைத் தூக்கி எறிவதாவது! அன்றைக்குத்தான் கூடையை எடுத்து வெளியில் வைத்தேன்” என்றார் டீச்சரம்மா.

கிருஷ்ணன் படத்தின் பலகையே தோணியின் அடித்தளமாயிற்று. கூழாகிப் போன பொம்மைகளைப் புளியங்கொட்டைப் பசையுடன் மறுபடி அரைத்துப் பக்கங்களை எழுப்பினார். தாயாரின் பழைய புடவைச் சரிகை பாயாக நின்றது. நீல வளையல் துண்டுகளும், அழுகிக் காய்ந்த சம்பா நாற்றும் அலைகளாயின. கையில்லாத ராமர், மூக்குப் போன சரஸ்வதி, தலையில்லாத செட்டியார் எல்லாரும் தோணியில் பிரயாணிகள். நடுவில், சேதமில்லாமல் தப்பிய மரப்பாச்சித் தம்பதிகள், தோணியப்பரும் பெரியநாயகியுமாக நின்றார்கள். படத்திலிருந்து சுரண்டி எடுத்த தங்க ரேக்கை அவர் சுவாமிக்கும் சூட்டவில்லை, அம்மனுக்கும் சூட்டவில்லை. தோணியின் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரே ஒரு மெல்லிய கோடாக ஒட்டியிருந்தார்.

செய்து முடித்தபோது இல்லாத பயம், அதைக் கொலுவில் வைத்தபோது வந்துவிட்டதாம். முதல் நாள் வந்த இரண்டு பெண்மணிகள் தோணியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், தாம்பூலத்தை வாங்கிக் கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். “நன்றாயில்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனத்தினால் எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை” என்றார்.

இரண்டாம் நாள் அடுத்த தெருவிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் வந்தாராம். அவர் மௌனம் சாதிக்கிற ரகம் அல்ல.

“ஏண்டி, பின்னமானதையெல்லாம் நவராத்திரியிலே வைக்கலாமா? ஆற்றிலே, குளத்திலே விட்டுவிட வேண்டாமோ?”

“பெரியம்மா! ஆறே வீட்டுக்குள் வந்து வேண்டியதை எடுத்துக் கொண்டு போயிற்று. இவை அது வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவை.”

மூதாட்டி பதில் சொல்லவில்லையாம். குனிந்து தோணியையே பார்த்துக் கொண்டிருந்தவர், “இந்தச் செட்டியார் உன் அம்மாவுடைய முதல் கொலுவிலே வாங்கினது அல்லவா? கடைக்குப் போய் விலை பேசி வாங்கி வந்ததே நான்தானே!” என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூதாட்டி தீர்ப்புச் சொன்னார். படியில் வைக்கக் கூடாது; படி தெய்வங்களுக்கு உரியது. தரையில் வைக்கலாம், ஊரும், தெருவும், குளமும் வைக்கிற இடம் அது. நம் ஊரில் நடந்ததைத்தானே செய்து வைத்திருக்கிறாய்?

தோணி படியை விட்டுத் தரைக்கு இறங்கியது அப்படித்தான். ஆசாரத்துக்காகச் செய்த மாறுதல், கலைக்கும் நன்மையாய் முடிந்தது. படியில் இருந்தபோது தூர நின்று கும்பிட்டுப் போனவர்கள், தரைக்கு வந்ததும் சுற்றி உட்கார்ந்து பேச ஆரம்பித்து விட்டார்கள்.

நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் கேட்ட பேச்சுக்களை நேயர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வாலிபர் தம் மனைவியுடன் வந்திருந்தார். நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துக் கொண்டு, “அம்மா, இதற்கு நல்ல விலை வரும். கொடுப்பதாக உத்தேசம் உண்டா?” என்று விசாரித்தார். “தலையில்லாத செட்டியாரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றார் டீச்சரம்மா. தங்கக் கோட்டைக் கண்ட ஒரு பெண், பார்டர் அழகாக இருக்கிறது என்றாள். எதிர் வீட்டுச் சிறுவன் மட்டும், “துடுப்பு எங்கே? துடுப்பு இல்லாமல் எப்படிப் போகும்?” என்று விடாமல் கேட்டான். சுவாமி ஓட்டும் தோணிக்குத் துடுப்பு வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்ன சமாதானம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓடிப் போய் ஐஸ் குச்சி இரண்டு கொண்டு வந்தான். மரப்பாச்சியின் பக்கத்தில் அவை அன்றே சாத்தப்பட்டன.

விளக்கு வைத்த பிறகு, வயலில் நடவு வேலை செய்யும் ஓர் அம்மாள் வந்து, வாசற்படி ஓரமாக நின்றார். டீச்சரம்மா எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார். அந்த அம்மாள் பாயைப் பார்க்கவில்லை, பொம்மைகளைப் பார்க்கவில்லை. தங்கக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இது தண்ணி நின்ன அளவுதானே, டீச்சரம்மா?”

கூடத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். புதுச் சுண்ணாம்புக்கு அடியிலும் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. அத்தனை நேரமும் அதில் சாய்ந்து கொண்டுதான் சுண்டல் சாப்பிட்டுக் கொண்டிருந்தோம்.

அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. அலையாக வைத்திருந்த நாற்றைக் கையில் எடுத்து, “முடி இப்படிக் கட்டினா நிக்காதுங்க” என்று சொல்லி, நூலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு வைக்கோலை எடுத்துத் திரித்து ஒரே சுற்றில் முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடியையும் அப்படியே கட்டி, வேர் கீழே இருக்கும்படி வரிசையாக நிறுத்தினார். சற்று முன் வரையில் அலையாக இருந்தது, இப்போது அலையாகவும் இருந்தது, நடவுக்குக் காத்திருக்கும் வயலாகவும் இருந்தது. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ஆம் தேதியே அணையை மூடி விட்டார்கள். அதை நினைத்துக் கொண்டு அவர் சொன்னார்: “போன வருசம் வேணாம்னாலும் வந்துது. இந்த வருசம் கூப்பிட்டாலும் வரல.”

பெரிய பட்டணங்களில் சித்திரக் கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். வாசலில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருப்பார்கள். “மிக நன்று” என்றோ, “மேன்மேலும் வளர்க” என்றோ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். சித்திரத்தைத் தொடக் கூடாது என்று ஒரு பலகையும் இருக்கும். அது அவசியமான கட்டுப்பாடுதான். ஆனால் தொட்டுப் பார்த்து, பிழை சொல்லி, முடிச்சையும் திருத்திவிட்டுப் போகும் ரஸிகரை அங்கே சந்திக்க முடியாது. நம் வீட்டுப் பெண்மணிகள் எந்தச் சபையின் உதவியுமில்லாமல் வருஷந்தோறும் ஒன்பது நாள் நடத்துகிற கண்காட்சியில் அது நடக்கிறது. குங்குமமும் தாம்பூலமும் கொடுத்து ரஸிகர்களை வரவேற்கும் கண்காட்சி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

செய்ததைச் சபை நடுவே வைத்து அபிப்பிராயம் கேட்பது சீர்காழிக்குப் புதிதல்ல. இங்கே வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) தம்முடைய இராம நாடகக் கீர்த்தனையைச் சுமந்து கொண்டு ஸ்ரீரங்கம் வரையில் போய் அரங்கேற்றினார். அவரையும், முத்துத் தாண்டவரையும், மாரிமுத்தா பிள்ளையையும் தமிழிசை மூவர் என்று போற்றி ஊரில் மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். எழுதி முடித்த நூல், நாலு பேர் கேட்டுத் தலையசைத்த பிறகே நூலாகும் என்பது நம் முன்னோர் கொள்கை. தலையசைப்பு மேலும் கீழுமாக இருக்கலாம், பக்கவாட்டிலும் இருக்கலாம். இரண்டையும் தாங்கிக் கொள்ளும் நெஞ்சுறுதி வேண்டும். டீச்சரம்மாவுக்கு அது இருக்கிறது. ஆயினும் அந்த முதல் நாள் மௌனத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் சற்றுத் தழதழத்தது.

ஆகையால், நவராத்திரி சமயத்தில் அந்தப் பக்கம் போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோணியப்பரைத் தரிசியுங்கள், சம்பந்தர் விரல் காட்டும் திசையில் சற்றுப் பாருங்கள், விளக்கு வைத்த பிறகு தெருக்களில் நடந்து, கதவு திறந்திருக்கும் வீடுகளில் கொலுப் பாருங்கள். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள். பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். துடுப்பு இல்லையென்றால் துடுப்பு எங்கே என்று கேளுங்கள்.

புறப்படும்போது நான் டீச்சரம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். விஜயதசமி இரவில் கொலுவிலிருந்து ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கமாயிற்றே, தோணியிலிருந்து யாரைப் படுக்க வைக்கப் போகிறீர்கள் என்றேன்.

“செட்டியாரைத்தான். பாவம், தலை இல்லாமல் எத்தனை நாள் நின்று கொண்டிருப்பார்?” என்றார். பிறகு எதிர் வீட்டுச் சிறுவனைக் காட்டி, “இந்த வருஷம் எல்லாம் மறுபடி பரணுக்குத்தான். ஏறி வைக்க ஆள் கிடைத்துவிட்டது” என்றார்.

சிறுவன் அண்ணாந்து பரணின் உயரத்தைக் கண்ணால் அளந்து கொண்டிருந்தான்.